இடுப்புப் பையில் ஒரு பறக்கும் அணில்

முழங்காலுக்குத் தைலம், கிட்டப் பார்க்க ஒன்று தூரப் பார்க்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி, பிள்ளைகள் ஆசைக்கு வாங்கிவிட்டு எங்கள் தலையில் கட்டிய நாய்க்குட்டி. என் வயதுக்காரர்களே, நீங்களும் இப்போது இப்படித்தான் இருப்பீர்கள். போன மாதம் என் மகள் அந்த நாயை வாசலில் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அது அவள் கன்னத்தை நக்கியது. "அம்மா, பாருங்கோ, இட் லவ்ஸ் மீ" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடம்! ஒரு விலங்கு என்னை ஏற்றுக்கொள்ளட்டும் என்று நான் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், வயிற்றோடு கட்டிச் சுமந்திருக்கிறேன். அது கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. மகளிடம் சொன்னால் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் உங்களுக்குக் கனடாவின் அந்தக் குளிரும் மாடிக் கட்டடங்களின் அந்த எலிவேற்றரும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற மாடிக் குடியிருப்பில் பதினாலாம் மாடி. எனக்குப் பன்னிரண்டு வயது, கனடாவுக்கு வந்து ஒரு வருடமும் சில மாதமும். ஒரே ஒரு படுக்கையறை. படிக்கிற பிள்ளை என்று அதை எனக்குத் தந்துவிட்டு அம்மாவும் அப்பாவும் முன்னறையான ஹோலில் படுத்தார்கள். ஹோல் யன்னலோரம் அம்மாவின் தையல் மெசின். திங்கட்கிழமைகளில் ஒரு ஆள் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவான், வெள்ளிக்கிழமை வந்து தைத்ததை எடுத்துப் போவான். எல்லாமே சட்டைக் கொலர்கள். அம்மா நாள் முழுக்கக் கொலர் தைத்தார். அந்தச் சட்டைகளின் மிச்சப் பகுதியை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

அப்பாவுக்கு இரவில் கடைகளைத் துப்புரவாக்கும் வேலை. அதில் ஒன்று செல்லப் பிராணிகள் விற்கும் கடை. தைப்பொங்கல் முடிந்து சில நாளில், ஒரு விடியற்காலை, அப்பா மேல்கோட்டைக் கழற்றாமல் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, எழும்பு. கையை நீட்டு. இறுக்கிப் பிடிச்சுப் போடாத."

ஒரு கம்பளிக் காலுறையை என் உள்ளங்கையில் வைத்தார். காலுறை மூச்சு விட்டது. உள்ளே பார்த்தால் முகத்தில் பாதி கண். கறுத்த, நனைந்த, பெரிய கண்கள். உடம்பில் மிச்சமெல்லாம் சாம்பல் நிற மயிர், தொட்டால் தொட்டதே தெரியாத அளவு மெல்லியது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது, தம்பிக்கு அண்ணனின் சட்டையைப் போட்டுவிட்டது போல.

அம்மா எட்டிப் பார்த்தார். "எலியோ?"

"எலியில்லையப்பா, அணில். பறக்கிற அணில். கடைக்காரன் சும்மா தந்தவன், குட்டிகளுக்கை இதுதான் கடைசியாம்."

"அணிலெண்டால் முதுகில மூண்டு குறி எங்க?"

"இது கனடா அணில். இஞ்சை ஆர் தடவி விடுறது?"

"மனிசர் படுக்கவே இடத்தைக் காணேல்லை, உதுக்கொரு கூடோ?" என்றார் அம்மா. ஆனாலும் அப்பா தூக்கிவந்த கூட்டை வைக்க, மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த துணிக்கட்டுகளை அம்மாதான் ஒதுக்கி இடம் பண்ணினார்.

கூட்டோடு ஒரு தாளும் வந்திருந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். வெள்ளையர் அனுப்பும் கடிதம் எதுவானாலும் நான் வாசித்துச் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். தாளில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பிராணி பகலில் தூங்கும். தூங்கும் நேரம் அதைத் துணிப்பையில் இட்டு உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அது உங்கள் மணத்தையும் சூட்டையும் நெஞ்சுத் துடிப்பையும் பழகும். பை உங்கள் பழைய உடுப்பில் தைத்ததாக இருக்க வேண்டும். கழுவக் கூடாது. முதல் ஆறு கிழமைக்குள் தான் யாருடையது என்று அது முடிவு செய்துவிடும். முடிவு செய்துவிட்டால், உயரத்தில் ஏற்றிவிட்டுத் தூரத்தில் நின்றாலும் உங்களை நோக்கிப் பறந்து வரும்.

கடைசி வரியை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த கதிரை எப்போதும் காலியாக இருக்கும் காலம் அது. ஒரு உயிர், எல்லாரும் இருக்கும் அறையில் என்னைத் தெரிந்தெடுத்துப் பறந்து வரவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் சிக்கல் பழைய உடுப்பு. என்னிடம் பழையது என்று இருந்ததெல்லாம் தேவாலயக் கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கொடுத்தவை. யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பழையது, எனக்குப் புதியது. ஊரில் போட்டவை எனக்கு அளவில்லாமல் போய்விட்டன. அம்மா பெட்டியைக் கிண்டித் தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை எடுத்தார், நீலப் பூப் போட்டது. முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்து, இரண்டு மடிப்பாக்கி, பத்து நிமிடத்தில் பையும் அதற்கு நீளமான இரண்டு நாடாவும் தைத்துத் தந்தார். "இந்தா, உன்ர எலிக்கு மாளிகை" என்றார். இப்போது யோசித்தால், அந்த இடத்திலேயே நான் பாதி தோற்றுவிட்டேன் போலிருக்கிறது.

அதன் பிறகு வந்த கிழமைகளை அன்புக் கதையாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் அது முழுக்க எரிச்சல். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பையை இடுப்பில் கட்டுவேன். அரை மணித்தியாலத்தில் வெதுவெதுப்பாக ஒன்று தொடைவரை வழியும். சட்டை மாற்றினால் மணம் மாறிவிடும் என்று அதே சட்டையில் இருப்பேன். என் வீட்டுப்பாடக் கொப்பிகளே மணத்தன. பைக்குள் கையை விட்டால் கடிக்கும். விடாவிட்டால் உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று திட்டும். நான் விளையாட நினைக்கும் நேரமெல்லாம் செத்ததுபோல் தூங்கும். அது கண் விழித்துத் துள்ளத் தொடங்கும் நேரம் அம்மா, "லைற்றை நிப்பாட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்பார்.

பெயர் வைத்தும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்ட ஆங்கிலப் பெயர்கள் ஐந்தாறு. ஒன்றுக்கும் காதைக்கூட அசைக்கவில்லை. முந்திரிப் பருப்பைக் கொடுத்தால் வாங்காது. வைத்துவிட்டுப் போனால் எடுத்து ஒளித்துவிடும். வாசலில் அப்பா கழற்றிவைத்த சப்பாத்துக்குள், அரிசிச் சாக்கில், சாமித்தட்டில் விபூதிச் சட்டிக்குள், மெசின் லாச்சியை இழுத்துத் திறந்தால் நூல்கட்டைகளுக்கு அடியில். அதன் கீச்சொலியை ஒரு கசெற்றில் பதிந்து வைத்திருந்தேன். அப்பா அது வெறும் கசெற் என்று நினைத்து அதன்மேல் ஊருக்குச் சுகம் விசாரித்துப் பேசி, கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அப்பாவின் பேச்சு முடிந்த பிறகு கடைசியில் கொஞ்சம் கீச்சுச் சத்தம் மிஞ்சியிருக்கும். ஊரில் கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஒருநாள் துணிந்து கோட்டுக்குள் பையோடு பள்ளிக்கூடம் போனேன். பத்து மணிக்கே பிடிபட்டேன். கணக்குப் பாடத்தில் என் வயிறு கீச்சிட்டது. ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா அப்பாவின் கோட்டைப் போட்டு, காலுறைக்கு மேல் செருப்பை மாட்டிக்கொண்டு, பனிக்குள்ளால் நடந்து வந்தார். ஆசிரியை நீளமாக ஏதோ சொல்ல, அம்மா விளங்காமல் எல்லாவற்றுக்கும் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டுத் தலையாட்டினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. அம்மா பையை வாங்கித் தன் கோட்டுக்குள் இட்டுப் பொத்தானைப் பூட்டினார். அதுவரை அலறிக்கொண்டிருந்த பை அப்படியே அடங்கியது. பயத்தில் அடங்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரங்களில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் பாத்ரூம். கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துவாயைச் செருகி, நீரில்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து அதைத் திறந்து விடுவேன். முதல் மூன்று கிழமை தொட்டியின் மறு மூலையில் ஒண்டிக் கிடந்தது. நாலாம் கிழமை என் காலில் ஏறியது. நகம் ஊசி ஊசியாகக் குத்தும். நான் அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் விரலில் இருந்த உப்பை நக்கியது. நாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவு சின்ன நாக்கு. அன்றிரவு நான் கை கழுவாமல் படுத்தேன்.

ஐந்தாம் கிழமை முடிவில், ஒரு வியாழக்கிழமை, அது திரைச்சீலைக் கம்பியில் ஏறி நின்றது. நான் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றேன். அது என்னைப் பார்த்தது. தலையை மேலே தூக்கியது, கீழே இறக்கியது, இடமும் வலமும் சாய்த்தது. இவை பாயுமுன் தூரம் அளப்பது இப்படித்தான் என்று தாளில் படம் போட்டிருந்தார்கள். பின்னங்கால்களை ஒடுக்கிக்கொண்டது. நான் தோள்பட்டையைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தேன்.

கதவில் படபடவென்று தட்டு விழுந்தது. "பிள்ளை, எவ்வளவு நேரம் உதுக்கை இருக்கிறாய்? அப்பா முகம் கழுவி வேலைக்குப் போகவேணும். வெளியால வா!"

அது திரும்பித் திரைச்சீலைக்குப் பின்னால் இறங்கி ஓடிவிட்டது. "இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருந்தால் என்ன அம்மா?" என்று கத்தினேன். அம்மாவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்றே விளங்கவில்லை. பரவாயில்லை, நாளைக்குப் பாயும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு நாள்தானே.

மறுநாள் காலை நான் பெரியபிள்ளையானேன்.

பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆண்களுக்கு ஒரு வரி: பதினொரு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, வேறு கோப்பை, வேறு பாய், வீட்டில் துடக்கு என்கிற தீட்டு. மத்தியானத்துக்குள் அப்பாவின் தங்கை, என் மாமி, மார்க்கம் என்ற பக்கத்து நகரிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஒரு கையில் உழுத்தம்மா, மறு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல், கக்கத்தில் கடையில் வாங்கிய காய்ந்த வேப்பிலைக் கட்டு. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். ஊரில் எப்படியோ அப்படியே இங்கேயும் நடக்கவேண்டும் என்பதில் மாமியை அசைக்க முடியாது.

சடங்குக்காக என் தலையில் தண்ணீர் வார்க்குமுன் மாமியின் கண் என் இடுப்பில் விழுந்தது.

"உதென்ன? கழட்டு. துடக்கோட உயிருள்ளது ஒண்டையும் வைச்சிருக்கக் கூடாது. மச்சாள், உடுத்தினது தொட்டது எல்லாத்தையும் தோய்ச்சுப் போடுங்கோ. உந்தப் பையையும்தான்."

"பையைக் கழுவாதேங்கோ மாமி! கழுவினால் மணம் போயிடும்!"

"போகத்தானே பிள்ளை கழுவுறது."

அம்மா அணிலைக் கூட்டுக்குள் விட்டுப் பையை வாளியில் போட்டார். ஐந்து கிழமை மூத்திரமும் வியர்வையும் சவர்க்கார நுரையில் ஊறுவதை நான் குளிர்நீர் வடிய நின்று பார்த்தேன்.

அன்று பின்னேரம் அறைக்குள் இருந்து யோசித்து யோசித்து ஒரு பொய் சொன்னேன். அதைக் கட்டாமல் கூட்டிலேயே விட்டால் பழகியதெல்லாம் மறந்துவிடும் என்பது என் பயம். அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே கதவு நீக்கலால் அம்மாவைக் கூப்பிட்டு, "ஆராவது இடுப்பில கட்டி வைச்சிருக்காட்டில் அது செத்துப்போகும். தாளில எழுதியிருக்கு" என்றேன்.

"செத்துப்போகுமோ?"

"ஓம் அம்மா. சூடு இல்லாட்டில் செத்துப்போகும்."

அந்தத் தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. அம்மா தாளைக் கையில் எடுத்து, வாசிக்கத் தெரியாத எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு காய்ந்த பையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மெசினில் இருக்கும்போது வலக்கை எப்போதும் வேலையில் இருப்பதால், பையை இடப்பக்கம் தள்ளி விட்டார். இதை நான் கதவு நீக்கலால் கண்டேன். என் சாமர்த்தியத்தை எண்ணி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பதினொரு நாள் எனக்குக் கிடைத்தது காது மட்டும்தான். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் மூக்கைப் பிடித்து விழுங்குவேன், மத்தியானம் கத்தரிக்காய், பின்னேரம் உழுத்தங்களி. மிச்ச நேரம் சுவரில் காதை வைத்திருப்பேன். மெசின் ஓடும், நிற்கும், ஓடும். மூன்றாம் நாள் மெசின் நிற்கும் இடைவெளிகளில் அம்மா பேசுவது கேட்டது. தொலைபேசி அல்ல. அது அடித்தால் எனக்குக் கேட்கும்.

"நூலைத் தின்னாத. வயித்துக்கை போனால் ஆர் வைத்தியம் பாக்கிறது?"

அடுத்த நாள், "எங்கட ஊரில இப்ப மாம்பூ பூத்திருக்கும். உனக்கெங்க தெரியப்போகுது" என்றார். எங்களோடு அவர் ஊரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. வந்த நாளிலிருந்து அம்மா பேசியதெல்லாம் சாப்பிடு, படி, கோட்டைப் போடு, கதவைப் பூட்டு. இப்போது நாள் முழுக்க மெல்லிய குரலில் கதை. அது எதற்கும் பதில் கீச்சிடும். நான் வைத்த பெயர்களுக்குத் திரும்பாத பிராணி, அம்மா "குஞ்சு" என்று கூப்பிட்டதும் உடனே குரல் கொடுத்தது. இரவிலும் அம்மா பையைக் கழற்றவில்லை என்று அப்பா அலுத்துக்கொண்டார். புரண்டு படுத்தால் நசிந்து செத்துவிடும் என்று பயந்து, அம்மா சோபாவில் சாய்ந்தபடியே தூங்கினாராம்.

ஒன்பதாம் நாள் பொழுது சாயும் நேரம். மெசின் நின்றிருந்தது. திடீரென்று ஹோலில் அம்மா "ஐயோ!" என்று அலறினார். நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். அலறல் அப்படியே சிரிப்பாக மாறியது. அப்பா, "அப்பிடியே நில்லும், அசையாதையும்!" என்றார். அம்மா இன்னும் சிரித்தார். கனடா வந்து நான் முதன்முதலாகக் கேட்ட அம்மாவின் சிரிப்பு. மூச்சு வாங்கி, குரல் உடைந்து, "பறந்து வந்தது, இஞ்சேருங்கோ, யன்னல் சீலையில இருந்து நேர எனக்கெல்லோ பறந்து வந்தது!"

என் அறைக்கதவில் பூட்டுக் கிடையாது. கைபிடியைத் திருப்பினால் திறக்கும். நான் கைபிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். துடக்குக்குப் பயந்து நிற்கவில்லை. திறந்தால் அம்மாவின் தோளில் அதைப் பார்க்கவேண்டி வரும் என்றுதான் நின்றேன். திரும்பிப் போய்ப் பாயில் முகம் குப்புறப் படுத்தேன். அம்மா ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்று, "பிள்ளை, உன்ர அணில் பறக்குதடி!" என்றார். தூங்குவதுபோல் கிடந்தேன்.

பதினோராம் நாள் தண்ணீர் வார்வை முடிந்தது. பட்டுச் சேலை, பூச்சடை, கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் ஐம்பது அறுபது சனம், வீடியோ வெளிச்சம். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரி சிரி என்றார்கள். எனக்கு மனமெல்லாம் பதினாலாம் மாடியில். விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் கூட்டடிக்கு ஓடினேன். கையை உள்ளே விட்டேன்.

அது என் பெருவிரலை நகத்தோடு கடித்தது. தொங்கத் தொங்கக் கடித்தது. உதறியதும் என் தலைக்கு மேலால் பாய்ந்து அம்மாவின் கழுத்தடியில் போய் ஒளிந்தது.

கடித்ததில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. பதினொரு நாள் மஞ்சள் பூசிக் குளித்து, தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, என்னை வேறொரு ஆளாக்கிவிட்டிருந்தார்கள். என் தோலில் பழைய மணம் ஒரு துளிகூட இல்லை. மாமி எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். அம்மாவும் முறைப்படி செய்தார். உயிரைக் காப்பாற்றச் சொல்லி நானே என் வாயால் கேட்டேன். இன்றைக்கும் இதில் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"அது என்ர. நீங்கள் களவெடுத்திட்டியள்."

அம்மா கழுத்தில் கையை வைத்தபடி நின்றார். "நானென்ன பிள்ளை செய்தனான்? நீதானே கட்டச் சொன்னனீ. செத்துப்போகும் எண்டெல்லோ..."

"கட்டத்தான் சொன்னனான். பழக்கச் சொல்லேல்லை. உங்களுக்கு ஒரு சிநேகிதமும் கிடைக்கேல்லை எண்டதுக்காக என்ர அணிலை எடுக்கிறதோ?"

இதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு விளங்கியிராது. தமிழில்தான் சொன்னேன்.

அதன்பின் மூன்று கிழமை அம்மா அதை எனக்குத் திருப்பித் தர என்னவெல்லாமோ செய்தார். பையை என் இடுப்பில் கட்டிவிட்டு அணிலைத் தானே உள்ளே விடுவார், அது நாடாவைக் கடித்து அறுத்துக்கொண்டு வெளியே வரும். என் பழைய சட்டையைத் தன்மேல் போட்டுக்கொண்டு மெசினில் இருந்தார், மணம் மாறட்டும் என்று. அதன் காதில் விழாமல் இருக்க என்னோடு சமையலறையில் கிசுகிசுத்துப் பேசினார். அது பக்கத்தில் வந்தால், "போ, அங்கால போ, சனியன்" என்று விரட்டினார். அது போகவில்லை. நானும் விடவில்லை. பின்னேரமானதும் தொட்டிக்குள் போய் உட்கார்ந்து, கதவடியில் அம்மாவின் காலடி கேட்கும் பக்கமே அது திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு பொருமினேன். அது கம்பியில் ஏறி நின்று அளந்தது, உண்மைதான். அளந்தது கதவை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மெசினுக்குப் பக்கத்தில் கூட்டைக் காணோம். கூடு இருந்த இடத்தில் கம்பளத்தில் நாலு பள்ளம். அப்பா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா சொன்னவ, நான் கொண்டுபோய்க் குடுத்தன். கடைக்காரன்ர தமையனுக்கு ரவுணுக்கு வெளியால பண்ணை இருக்காம். அங்க உது மாதிரிக் கன அணில் நிக்குதாம்."

நான் அம்மாவிடம் போனேன். மெசினில் இருந்தார். கொலர் ஓடிக்கொண்டிருந்தது.

"தாய்க்கும் மகளுக்கும் நடுவில ஒரு எலி எதுக்கு?" என்றார், தலை நிமிராமல். "இனி ஒருத்தருக்கும் இல்லை. சண்டை முடிஞ்சுது."

மறுபடியும் எலி என்றார். அதை நான் நம்பினேன். அம்மாவுக்கு அது எலிதான், எனக்குப் போட்டியாக வைத்திருந்தார், வேலை முடிந்ததும் எறிந்துவிட்டார் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அது போய்விடுவதா? இல்லவே இல்லை. அம்மாவின் தோளிலாவது இருந்திருந்தால் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பேன். அதை நான் சொல்லவில்லை, அம்மா கேட்கவில்லை. ஒரு கிழமை அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க மெசின் இடைவெளிகளில் ஒரு சத்தமும் இல்லை. பை எங்கே போனதென்று தெரியாது. பிறகு ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம், தாளும் தொலைந்தது. விபூதிச் சட்டியில் ஒரு முந்திரிப் பருப்பு மட்டும் கன நாள் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

இப்போது அம்மா மார்க்கத்தில் என்னோடு இருக்கிறார். அப்பா இல்லை. சில வருடங்களாக ஒன்றைக் கவனித்து வந்தேன். கதிரையில் உட்காருமுன் அம்மா இடது இடுப்பில் கையை வைத்து, எதையோ முன்னால் ஒதுக்குவதுபோல் செய்து, பிறகுதான் மெல்ல உட்காருவார். சோபாவிலும் அப்படித்தான், காரிலும் அப்படித்தான். எலும்புத் தேய்வு என்று முடிவு கட்டினேன். கேட்டால் நோவில்லை, வலியே இல்லை என்பார். வேலைக்கு லீவு போட்டு, படம் பிடித்து, இரத்தம் கொடுத்து, இரண்டு மாதம் காத்திருந்து, போன கிழமை இடுப்பு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த வயதுக்கு மிக நல்ல இடுப்பு என்றார். எவ்வளவு காலமாக இந்த நோவு என்று கேட்கச் சொன்னார்.

"எப்ப தொடக்கம் நோகுதெண்டு கேக்கிறார் அம்மா."

"நோகேல்லை எண்டு சொல்லு. உன்னட்டை எத்தினை தரம் சொல்லுறது?"

"அப்ப ஏன் இருக்கேக்கை ஒவ்வொருக்காலும் அந்தப் பக்கத்தைப் பிடிக்கிறியள்?" எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவ்வளவு அலைச்சல்.

அம்மா குனிந்து தன் கையைப் பார்த்தார். அது இடது இடுப்பில்தான் இருந்தது, விரல்கள் கொஞ்சம் வளைந்து, அடியில் இடம் விட்டு.

"நசிச்சுப் போடுவன் எண்டுதான்" என்றார்.

டொக்டர் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பது என் வேலை, பன்னிரண்டு வயதிலிருந்து என் வேலை. வெறும் பழக்கம்தான், இட் இஸ் ஜஸ்ற் எ ஹாபிற், என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். பதினொரு நாள் சுமந்தவரின் கை முப்பது வருடமாக மறக்கவில்லை. ஐந்து கிழமை சுமந்த என் இடுப்புக்கு ஒன்றும் நினைவில்லை. கார் தரிப்பிடத்துக்கு வந்தோம். அம்மா காரில் ஏறுமுன் இடப்பக்கத்தைக் கையால் ஒதுக்கினார், பிறகு மெல்ல உட்கார்ந்தார். நான் குனிந்து, அந்தப் பக்கத்தில் படாமல் சீற்பெல்ற்றைத் தளர்வாகப் போட்டுவிட்டேன்.